லீத்தல் கம்பெனி: எப்போது பேசுவது, எப்போது வாயை மூடுவது

லீத்தல் கம்பெனி என்ற கணினி விளையாட்டைப் புதிதாக ஆடத் தொடங்குகிறவர்கள் முதல் வேலையாக அமைப்புப் பக்கத்துக்குப் போய், பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டுமே மைக் திறக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். டார்ச் வாங்குவதும் மண்வெட்டி வாங்குவதும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் குழுவுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது கோத்தகிரியின் ஐப்பசி மழை.

நாங்கள் நான்கு பேர். நான் கோத்தகிரி. சித்தி மகன் குன்னூரில் இருக்கிறான். மாமா மகள் ஊட்டியில் கல்லூரியில் படிக்கிறாள். நான்காமவர் கூடலூர் நண்பர். எங்கள் மூவரையும்விட மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் அண்ணா. விளையாட்டிலும் நான்கு பேர்தான் ஒரு குழு என்பதால் ஆள் தேடும் வேலை எங்களுக்கு இல்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஸீக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கும் ஒரே ஒருவர் உருவாக்கி, 2023 அக்டோபரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் முன்னோட்டமாக வெளியிட்டது. நீங்கள் ஒரு கம்பெனியின் கூலியாள். கைவிடப்பட்ட நிலவுகளில் கப்பலை இறக்கி, அங்கிருக்கும் கட்டிடத்துக்குள் புகுந்து, கிடைக்கும் பழைய சாமான்களைத் தூக்கி வந்து கம்பெனியிடம் விற்க வேண்டும். முதல் தவணையில் மூன்று நாள் அவகாசம், 130 கிரெடிட் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) மதிப்புக்குச் சரக்கு சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் அடுத்த இலக்கு இன்னும் பெரியது. சேராவிட்டால் கப்பலிலிருந்து விண்வெளியில் தள்ளிவிடுவார்கள். கட்டிடத்துக்குள் இருப்பவற்றை எதிர்த்துச் சண்டை போட்டு ஜெயிக்கும் ஆட்டம் இது இல்லை. பதுங்கிப் போய், எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்ப வேண்டும்.

இதில் நம் குரல் விளையாட்டுக்குள் உண்மையாகவே ஒலிக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், தூரம் போகப் போகத் தேயும். மற்ற விளையாட்டுகளில் பேச்சு என்பது வெளியே நடக்கும் அரட்டை. இங்கே அது காலடி ஓசையைப் போல ஒரு ஓசை. கண்ணில்லாத நாய்கள் அதைக் கேட்கும்.

மழைக்கு வருகிறேன். தொட்டபெட்டாவுக்குக் கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்கள் பக்கம் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவத்தில்தான். என் அறைக்கு மேலே தகரக் கூரை. மழை வலுத்தால் எதிரில் நிற்பவரிடம்கூடக் குரலை உயர்த்தித்தான் பேச முடியும். மைக் எப்போதும் திறந்திருந்த அந்த ஆரம்ப இரவுகளில், கூரைச் சத்தத்தை மீறுவதற்காக நான் கத்திப் பேசுவேன். அடுக்களையிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். குக்கர் விசில் அடிக்கும். எல்லாம் அந்த நிலவின் இருட்டில் எதிரொலித்தன. மாலை மங்கியதும் கப்பலைச் சுற்றி நாய்கள் வந்து நிற்கும். நாய் என்றால் நம் தெரு நாய் இல்லை. ஆளை விழுங்கும் உயரம், முகம் முழுக்கப் பல், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

பொத்தான் முறைக்கு மாறிய பிறகு எங்கள் பிழைப்பே மாறிவிட்டது. நாய் அருகில் இருக்கும்போது பழகிக்கொண்டவை இவை: குனிந்து நடந்தால் காலடி கேட்காது, ஓடினால் கேட்கும், சாமானைக் கீழே போட்டாலும் கேட்கும். தவறிச் சத்தம் வந்துவிட்டால் நாய் அந்த ஓசை எழுந்த இடத்தை நோக்கித்தான் பாயும். அதனால் அலறாமல், குனிந்தபடியே அந்த இடத்தைவிட்டு விலக வேண்டும். ஊட்டி மாமா மகள் இதில் தேர்ந்தவள். பெரிய எந்திரப் பாகத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, இரண்டு நாய்களுக்கு நடுவே குனிந்து ஊர்ந்து கப்பல் படி வரை வந்தாள். நாங்கள் மூவரும் கப்பலுக்குள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கப்பல் கதவை மூடி வைக்கலாம், ஆனால் அதன் சக்தி கொஞ்ச நேரத்தில் தீர்ந்து தானாகத் திறந்துகொள்ளும். கதவை நம்பி உள்ளே பேச்சைத் தொடங்குவது ஆபத்து.

நாய்க்குச் சொன்னதை அப்படியே மற்றவற்றுக்கும் பொருத்திவிடக் கூடாது. ஃபாரஸ்ட் கீப்பர் என்ற ராட்சதன் நேர் எதிர். அவனுக்குக் காது கேட்பதில்லை, கண் மட்டும் வெகுதூரம் எட்டும். அவனிடமிருந்து தப்ப மரத்துக்கும் பாறைக்கும் பின்னால் மறைய வேண்டும், பேசிக்கொண்டே மறையலாம். வெளியே இருப்பது நாயா ராட்சதனா என்று தெரியாமல் கட்டிடத்தைவிட்டு வெளியே வருகிறவர் ஊமையாக இருப்பதா ஒளிவதா என்று முடிவெடுக்க முடியாது. இந்த இடத்தில்தான் கப்பலில் ஒருவர் உட்கார்ந்திருப்பதன் மதிப்பு தெரியும்.

புதியவர்கள் நால்வரும் கட்டிடத்துக்குள் பாய்ந்துவிடுகிறார்கள். நான்கு பேர் தூக்கினால் சரக்கு அதிகம் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். என் கருத்து வேறு. மூன்று பேர் உள்ளே, ஒருவர் கப்பலில். எங்களில் அது அண்ணா. கப்பலின் திரையில் அவர் தேர்ந்தெடுக்கும் ஆளைச் சுற்றிய வரைபடம் தெரியும். உயிரினங்கள் சிவப்புப் புள்ளிகளாக நகரும். பெரிய இரும்புக் கதவுகள், துப்பாக்கிப் பொறிகள், கண்ணிவெடிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட குறியீடு இருக்கும். அதைக் கப்பலின் கணினியில் தட்டினால் கதவு மூடும் அல்லது திறக்கும். பொறியும் வெடியும் சில நொடிகளுக்குச் செயலிழக்கும். அந்தச் சில நொடிகளில் கடந்துவிட வேண்டும்.

இதற்கு வாக்கி டாக்கி வேண்டும். தொடக்கத்தில் கையில் இருப்பது 60 கிரெடிட். வாக்கி டாக்கி 12, சாதாரண டார்ச் 15, மண்வெட்டி 30. நாங்கள் இரண்டு வாக்கி டாக்கியும் இரண்டு டார்ச்சும் வாங்குகிறோம், 54 ஆகிறது. மண்வெட்டி வேண்டும் என்று சித்தி மகன் ஒவ்வொரு முறையும் வாதாடுவான். முதல் தவணையில் அது தேவையில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கையில் ஆயுதம் இருந்தால் அடிக்கத் தோன்றும். அடிக்கத் தோன்றுகிறவன் சீக்கிரம் சாகிறான்.

அண்ணா வாக்கி டாக்கியில் பேசும் விதம் தனி. "இடப்பக்கம் ஒன்று வருகிறது. நில்." அவ்வளவுதான். பதிலுக்கு நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. அவர் பேசுவது எங்கள் கையிலிருக்கும் கருவி வழியாக எங்கள் இடத்திலும் ஒலிக்கிறது என்பதால் சுருக்கமே பாதுகாப்பு. வெளியே நாய் இருந்தால் எங்களை வாசலுக்கு உள்ளேயே நிறுத்திவிடுவார். கட்டிடத்துக்குள் இருப்பவருக்கு மணி தெரியாது என்பதும் முக்கியம். காலை எட்டு மணிக்கு இறங்குகிறோம், நள்ளிரவில் கப்பல் யாருக்காகவும் காத்திருக்காமல் கிளம்பிவிடும். நேரத்தைக் கவனித்துச் சொல்வதும் அண்ணாவின் வேலைதான்.

உள்ளே இருப்பவற்றில் பிராக்கன் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர்களை அதிகம் கொல்வது அதுதான் என்பது என் எண்ணம். இருண்ட உடல், வெள்ளைக் கண், பின்னாலிருந்து ஓசையின்றி வந்து கழுத்தை முறித்துவிடும். பார்க்காமல் விட்டால் நெருங்கும். ஒரு கணம் பார்த்தால் பின்வாங்கும். முறைத்துக்கொண்டே நின்றால் வெறிபிடித்துப் பாயும். மூலையில் மடக்கினாலும் அப்படியே. எங்கள் ஊரில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமையைக் கண்டவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்: இருப்பதைக் கவனித்தாயிற்று என்று காட்டிவிட்டு, அதற்கு வழிவிட்டு, ஓடாமல் விலகிப் போவது. பிராக்கனிடமும் அதே மரியாதை. பார், பார்வையைத் திருப்பு, நகர்ந்துகொண்டே இரு, அவ்வப்போது திரும்பிப் பார்.

காயில் ஹெட் இதற்கு மாறு. கழுத்துக்குப் பதில் சுருள்கம்பி வைத்த பொம்மை உருவம். யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அசையாது. கண்ணை எடுத்தால் பாய்ந்து வரும். தனியாக மாட்டினால் பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தேட வேண்டியதுதான். இரண்டு பேர் இருந்தால் எளிது. சித்தி மகனும் மாமா மகளும் ஒரு நீண்ட நடைபாதையில் இதை அழகாகச் செய்தார்கள். "நான் பார்க்கிறேன், நீங்கள் வழி பாருங்கள்" என்று அவள் சொல்ல, அவன் அவளுக்கு முன்னால் நடந்து "படி... வலப்பக்கம்... கதவு" என்று ஒவ்வொரு சொல்லாக வழிகாட்டினான். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வாசல் தாண்டியதும் அது தொடரவில்லை. இந்த ஆட்டத்தைக் கூட்டாக ஆடுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த நடைபாதையைத்தான் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பர் நேர்கோட்டில் மிக வேகம், திருப்பங்களில் தடுமாறும். மூலைகளைச் சுற்றி ஓடுங்கள். நட்கிராக்கர் அசைவை மட்டுமே பார்க்கும். அதன் கண் திறந்திருக்கும்போது சிலையாக நில்லுங்கள். ஜெஸ்டர் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றி இசை எழுப்பத் தொடங்கினால் எவ்வளவு நல்ல சரக்கு கண்ணில் பட்டாலும் விட்டுவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். எல்லோரும் வெளியேறினால்தான் அது பழைய நிலைக்குத் திரும்பும். சரக்கு சேர்க்கும் பூச்சிகளின் குவியலில் கை வைக்காதவரை அவை உங்களை ஒன்றும் செய்யாது.

முகமூடி ஆட்கள் மட்டும் வேறு வகை. நம் குழுவில் ஒருவரைப் போலவே உடை, அதே நடை, முகத்தில் மட்டும் முகமூடி. இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் மாமா மகள்தான் வருகிறாள் என்று தோன்றும். ஆனால் அவை பேசாது. அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எதிரே வருகிறவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். "குன்னூர்" என்று மெல்லிய குரல் வந்தால் சித்தி மகன். பதில் இல்லை என்றால் திரும்பி நடக்க வேண்டும். மௌனம் காக்கச் சொல்லும் விளையாட்டில் ஒரே ஒரு சொல் பேசியாக வேண்டிய இடம் இது.

எடை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தூக்கும் சரக்கு கூடக் கூட நடை தளரும், மூச்சும் சீக்கிரம் தீரும். மொத்தம் நான்கு இடம்தான் கையிருப்புக்கு. கனமான ஒன்றைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் முன் கட்டிட வாசலுக்கு அருகில் குவித்து வைத்துக்கொண்டு, பிறகு வெளிச்சம் இருக்கும்போதே ஒன்றாக எடுத்துச் செல்வது எங்களுக்கு ஒத்துவந்தது. புயல் நாளில் உலோகச் சாமானில் பொறி பறந்தால் உடனே கீழே போட்டுவிட்டு விலகுங்கள், இடி அதன்மேல்தான் விழும். கிரகணம் என்று காட்டும் நிலவுக்குப் புதியவர்கள் போகவே வேண்டாம். இறங்கியதுமே வெளியே உயிரினங்கள் இருக்கும். எக்ஸ்பெரிமென்டேஷன், அஷ்யூரன்ஸ், வௌ என்ற மூன்று நிலவுகளுக்கும் பயணக் கட்டணம் கிடையாது. வானிலை நல்லதாக இருப்பதைத் தேர்ந்தெடுத்துப் பழகினால் போதும்.

ஒருவர் செத்தால் கிரெடிட்டில் 20 சதவீதம் அபராதம். உடலைக் கப்பலுக்குக் கொண்டுவந்தால் குறையும். ஆனால் உடலுக்காக இன்னொருவர் உயிரைக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் நால்வரும் செத்தால் அதுவரை கப்பலில் சேர்த்த சரக்கு முழுவதும் போய்விடும். ஒருவராவது உயிரோடு கிளம்பினால் அது மிஞ்சும். செத்தவர்கள் அடுத்த நாள் திரும்பி வந்துவிடுவார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஆட்டத்தை யார் தொடங்கி வைக்கிறாரோ அவர் கணினியில்தான் அது ஓடுகிறது, சேமிப்பும் அங்கேதான். அவருக்கு மின்சாரம் போனால் நால்வரும் வெளியே. கப்பல் நிலவைவிட்டுக் கிளம்பினால்தான் சேமிப்பு ஆகிறது என்பதால் அந்த நாளின் உழைப்பும் போகும். கூடலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை மரங்களைச் சாய்க்கும். எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை. அதனால் ஆடி மாதத்தில் நான் தொடங்கி வைக்கிறேன், ஐப்பசியில் அண்ணா. யார் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பது எப்போதும் கடைசி நாளில். கோர்டியன் நிலவில் இருக்கும் கம்பெனி அன்றுதான் முழு விலை, அதாவது 100 சதவீதம் தரும். அதற்கு முன்னால் போனால் அடிமாட்டு விலைதான். சரக்கை மேசையில் வைத்து மணியை அடித்துவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். அவசரப்பட்டு அடித்துக்கொண்டே இருந்தால் சுவருக்குள் இருப்பது கோபப்பட்டு ஆளையே இழுத்துக்கொள்ளும்.

இப்போது நாங்கள் 375 கிரெடிட் டெலிபோர்ட்டருக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். திரையில் காணும் ஆளை அண்ணா ஒரே பொத்தானில் கப்பலுக்கு இழுத்துவிடலாம். ஆனால் அந்த ஆளின் கையிலிருந்த சரக்கு நின்ற இடத்திலேயே விழுந்துவிடும். அதனால் எப்போது இழுக்க வேண்டும் என்பதை உள்ளே இருப்பவர்தான் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அது கைக்கு வந்த பிறகுதான் 550 கிரெடிட் கட்டணம் கட்டி ரெண்ட் என்ற பனி நிலவுக்குப் போவது. அங்கே பனிமூட்டத்தில் கப்பலுக்குத் திரும்பும் வழியே கண்ணுக்குத் தெரியாது என்பதால், மூன்றாவதாக ஒரு வாக்கி டாக்கியும் பட்டியலில் இருக்கிறது.