வீட்டுல விளக்கேத்துவீங்கள்ல?

நான் கிராம நிர்வாக அலுவலர். சாதிச் சான்று விசாரணைக்குப் போனால் மதத்தைப் பற்றி நேராகக் கேட்கிற வழக்கம் எனக்கில்லை. "வீட்டுல விளக்கேத்துவீங்கள்ல?" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆதிதிராவிடர் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "ஏத்துவோம் சார்" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் தலையாரி தலையை ஆட்டுவார். நான் பரிந்துரைத்துவிடுவேன். மனு வருவாய் ஆய்வாளருக்குப் போய், அங்கிருந்து தாசில்தாருக்குப் போய்விடும்.

அந்த அம்மா, "இல்ல சார், இயேசப்பாவைத்தான் கும்பிடுறேன்" என்றார்.

பையன் பிளஸ் டூ முடித்திருந்தான். பழைய சான்று மழையில் போய்விட்டது என்று இ-சேவையில் புதிதாக மனுப் போட்டிருந்தார்கள். தகப்பன் உயிரோடு இல்லை. அவருடைய சான்று இருந்தது, இந்து ஆதிதிராவிடர் என்று தெளிவாகவே இருந்தது. அதை வாங்கிப் பார்த்துவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். "முன்னாடி கும்பிட்ட சாமின்னு ஒண்ணு இருக்குமில்லம்மா?" என்று கேட்டேன். வழி காட்டுகிறேன் என்று நினைப்பு.

"முன்னாடி இருந்துச்சு. நான் ஞானஸ்நானம் எடுத்துட்டேன் சார்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேட்காததைச் சொல்கிறாரே என்று. சட்டம் என்னவென்று எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எந்த மதத்தவர் எஸ்.சி. ஆகலாம் என்று சொல்கிற 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி. முதலில் இந்துக்கள் மட்டும், 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரை. கிறித்தவரையும் சேர்க்க வேண்டும் என்று 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்னது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஆணை அப்படியேதான் இருக்கிறது. கிறித்தவராக மாறினால் நம் மாநிலத்தில் பி.சி. என்கிற பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைவிட்டுவிடும். சாதியைச் சொல்லித் திட்டுகிறவன், வீட்டில் பைபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா திட்டுகிறான்?

இதையெல்லாம் சுருக்கி அவரிடம் சொன்னேன். கல்வி உதவித்தொகை கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் உண்டு, ஆனால் நாளைக்கு அரசு வேலை என்று வரும்போது கஷ்டம் என்றேன்.

"அப்ப பிள்ளைக்காக நான் கர்த்தரை இல்லைன்னு சொல்லணுமா சார்?"

"நான் ஒண்ணும் சொல்லச் சொல்லலைம்மா" என்றேன்.

எத்தனையோ பேரிடம் எதையெதையோ சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு வாக்கியம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. ஒருவிதத்தில் அது உண்மை, எதையும் சொல்லச் சொல்லி நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் விளக்கேற்றுவீர்களா என்று கேட்டதே அதற்குத்தானே? இல்லை, அதுவும் அவர்கள் நல்லதுக்காகக் கேட்டதுதான். அப்படிக் கேட்டதால் எத்தனை பிள்ளைகள் படித்திருக்கிறார்கள் என்று வேண்டுமானால் கணக்குக் காட்டுவேன். யாரிடம் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

நாற்காலியை எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் நின்றபடியே பேசினார். வேலை செய்த வீட்டில் மூக்குத்தி காணாமல் போனதும் முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்து வந்திருக்கிறார்கள். மூக்குத்தி அவர்கள் வீட்டு அலமாரியிலேயே கிடைத்தது. அதற்கப்புறம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வேலைக்கு ஏன் வரவில்லை என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெண் தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "சாட்சி சொல்லுங்க சிஸ்டர்னு மைக்கைக் கையில குடுத்தாங்க சார். நான் பேசி நாலு பேர் உட்கார்ந்து கேட்டது அன்னைக்குத்தான். மூக்குத்திக் கதைய அந்த மைக்குல சொன்னேன். அழுகை வரும்னு நெனச்சேன், வரல." மைக்கைப் பிடிப்பது போல விரலை மடக்கி வைத்துக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அங்கயும் சாதி இருக்கும்மா" என்றேன். திருச்சி மேலப்புதூர் கல்லறையின் நடுவில் நிற்கிற சுவரைச் சொன்னேன். எறையூரில் கிறித்தவர்களுக்குள்ளேயே மோதிக்கொண்டு 2008ல் துப்பாக்கிச் சூடு வரை போனதைச் சொன்னேன். படித்ததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருந்ததோ என்னவோ.

"அதெல்லாம் பெரிய சர்ச்சு சார். எங்க சர்ச்சுல எல்லாரும் எங்க ஆளுங்கதான்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். வேறு ஆட்கள் அங்கே வருவதே இல்லை என்பது அவருக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆனால் ஊர்க்காரர்களோடு சமமாக உட்காருவதுதான் விடுதலை என்று நினைப்பது என் கணக்கு. ஊர்க்காரர்களே இல்லாத ஓர் இடத்தில் மைக்கைப் பிடிப்பது அவருடைய கணக்கு. எது சரி என்று சொல்ல நான் யார்?

"பையன் ஞானஸ்நானம் எடுத்துட்டானா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். வயசு வந்து அவனாக் கேட்டுத்தான் எடுக்கணும்."

அது போதும். தகப்பன் சான்று இருக்கிறது, மனுதாரர் மதம் மாறவில்லை. பரிந்துரைத்தேன். பொய்யாக ஒரு வரி எழுதவில்லை. "அவனும் கர்த்தருடைய பிள்ளைதான் சார்" என்று அந்த அம்மா சொன்னதை மட்டும் எழுதவில்லை. கதவோரம் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்ற பையனிடம் நான் ஒன்றும் கேட்கவும் இல்லை. உடன் வேலை பார்க்கிற ஒருவர், "வாசல்லயே விசாரிச்சுட்டு வராம நீ எதுக்கு உள்ள போய் உட்கார்ந்த?" என்று சிரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பேப்பரில் வந்தது. புதுச்சேரிப் பெண், அம்மா கிறித்தவர், வேலைக்காக எஸ்.சி. சான்று கேட்ட வழக்கு. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்துக்கே செய்கிற மோசடி என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகியிருந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மூச்சு விட்டேன். நாம் பார்த்த மனு வேறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பையன் கல்லூரியில் படிக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் கீபோர்டு வாசிக்கிறானாம். ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று பாஸ்டரிடம் அவனே கேட்டானாம்.

"நான்தான் வேணாம்னுட்டேன் சார். வேலை கிடைக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம், கர்த்தருக்குத் தெரியும்னு சொல்லிட்டேன். நீங்க அன்னைக்கு எடுத்துச் சொன்னீங்கள்ல" என்றார். நன்றி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றேன். பேருந்து வந்துவிட்டது, அவர் ஏறிக்கொண்டார்.