வண்டியை நிறுத்தவைக்கும் வித்தை: அரிசோனாவில் பழைய ரூட் 66

லாஸ் வேகாஸிலிருந்து கிராண்ட் கேன்யன் போகிற நம்மாட்கள் பெரும்பாலும் இன்டர்ஸ்டேட் 40 என்ற அதிவேக நெடுஞ்சாலையைப் பிடித்து ஒரே ஓட்டமாகப் போய்விட்டு, அதே வழியில் திரும்பிவிடுவார்கள். நாங்கள் திரும்பும்போது செலிக்மனில் இறங்கி, பழைய ரூட் 66 வழியாக கிங்மன், அங்கிருந்து ஓட்மன் என்று சாவகாசமாக வந்தோம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டியை எப்படியாவது நிறுத்தவைக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் செய்துவைத்த வேலைகள்தான் எல்லாம். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

சிகாகோவிலிருந்து சான்டா மோனிகா வரை, எட்டு மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் போன சாலை இது. 1926-இல் 66 என்று எண் கொடுத்தார்கள். 1985-இல் அந்த எண்ணையே எடுத்துவிட்டார்கள். காரணம், 1956-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு வந்த அகலமான இன்டர்ஸ்டேட் சாலைகள். அவை ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகிறவை. செலிக்மனை அப்படி ஒதுக்கிவிட்டு இன்டர்ஸ்டேட் 40 திறந்த நாள் 1978 செப்டம்பர் 22. அன்றோடு ஊருக்குள் வண்டி வருவது நின்றுபோனது.

ஊரைக் காப்பாற்றியவர் ஒரு முடிதிருத்துநர். ஏஞ்சல் டெல்கடியோ, 1927-இல் இதே ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கும் இதே தொழில்தான். முப்பதுகளில் ஒக்லஹோமா பக்கம் புழுதிப் புயலில் நிலம் பாழாகிப்போனவர்கள் மூட்டைமுடிச்சோடு கலிஃபோர்னியாவுக்குப் போனதை அவர் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறார். இரவில் அந்த வண்டிகளின் விளக்கு வெளிச்சத்தில் சுவரில் நீளும் தங்கள் நிழலோடு பிள்ளைகள் ஆடுவார்களாம். பிழைப்பு போனபிறகும் அவர் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. 1987-இல் நாலு பேரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கி, அரசாங்கத்தை விடாமல் நச்சரித்தார். அந்த ஆண்டே செலிக்மன்–கிங்மன் சாலையை வரலாற்றுச் சாலையாக அரிசோனா அறிவித்தது. மற்ற மாநிலங்களும் அப்புறம் அதே வழியில் வந்தன. அவருடைய கடை இப்போது நினைவுப்பொருள் கடை. முடிவெட்டும் நாற்காலியை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது அவர் கடையில் இல்லை. நாற்காலியோடு படம் எடுக்க மட்டும் வரிசை நின்றது.

அண்ணன் ஹுவான் வேறு ரகம். ரயில்வேயில் வேலை பார்த்தவர், அங்கே கழித்துப்போட்ட மரத்தைக் கொண்டுவந்து 1953-இல் ஸ்னோ கேப் என்ற சாப்பாட்டுக் கடையைக் கட்டினார். கதவில் இரண்டு குமிழ்கள், ஒன்று பொய். என் மனைவி பொய்க் குமிழைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்தவர்கள் ஆர அமரப் பார்த்து ரசித்தார்கள். 'சீஸ் போட்ட சீஸ்பர்கர்' என்று பலகை. மஸ்டர்ட் சாஸ் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே பாட்டிலை நம்மை நோக்கி அழுத்துவார்கள். சட்டை போச்சு என்று பதறினால், பீய்ச்சி வருவது மஞ்சள் நூல். ஹுவான் 2004-இல் காலமாகிவிட்டார். குடும்பத்தார் பர்கரோடு இந்தக் குறும்பையும் விடாமல் நடத்துகிறார்கள். பர்கர் சுமார்தான், அது வேறு விஷயம்.

செலிக்மனைத் தாண்டினால் சாலையோரம் சிறு சிறு பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரி. நாலைந்தைக் கடந்தால் வேடிக்கைப் பாட்டு முடியும், கடைசிப் பலகையில் பர்மா ஷேவ் என்ற சவர க்ரீமின் பெயர். ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்கப் பிரபலமான விளம்பரம். ஆனால் அரிசோனாவில் அந்தக் கம்பெனி பலகையே வைக்கவில்லை, போக்குவரத்து குறைவு என்று! இப்போது இருப்பவை பயணிகளுக்காகப் பின்னாளில் நட்டவை. போலி ஏக்கம் என்று சொல்லலாம். நான் எல்லாவற்றையும் வாசித்தேன்.

எல்லோரையும் நிறுத்தி வரவேற்ற சாலை இல்லை இது. கறுப்பினப் பயணிகளுக்கு அறையும் சாப்பாடும் தர மறுத்த இடங்கள் வழியெங்கும் இருந்தன. எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்துகொள்ளவே நியூயார்க்கில் வசித்த தபால்காரர் விக்டர் ஹூகோ கிரீன் 1936 முதல் 'கிரீன் புக்' என்ற கையேட்டை வெளியிட்டார். பிற்காலத்தில் குஜராத்திக் குடும்பங்கள் நலிந்த மோட்டல்களை வாங்கி நடத்தத் தொடங்கியபோது, பக்கத்து மோட்டல்காரர்கள் சிலர் 'அமெரிக்கர் நடத்துவது' என்று பலகை மாட்டினார்கள். அதுவும் ஒரு விளம்பரம்தான். நாங்கள் தங்கிய மோட்டலை நடத்தியதும் ஒரு குஜராத்திப் பெரியவர். அறைச் சாவியைத் தருவதற்கு முன்னால் தேநீர் தந்தார்.

கிங்மனுக்குப் பிறகுதான் உண்மையான சாலை. சிட்கிரீவ்ஸ் கணவாயில் கொண்டை ஊசி வளைவுகள், பல இடங்களில் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. 40 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி வண்டிகளில் பெட்ரோல் தானாக இறங்கித்தான் இன்ஜினுக்கு வரும், முன்பக்கம் மேலே தூக்கினால் வராது என்பதால், ஏற்றத்தில் பின்னோக்கி ஓட்டியே ஏறினார்களாம். 1952-இல் மலையைத் தவிர்த்துப் புதிய பாதை வந்ததும் ஓட்மன் காலியானது.

தங்கச் சுரங்க ஊராக இருந்தது அது. சுரங்கக்காரர்கள் போகும்போது கழுதைகளை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவற்றின் வம்சம்தான் இன்று ஊரின் முதலாளி. நம்மூர்க் கடைகளில் 'என்னைப் பார் யோகம் வரும்' என்று கழுதைப் படம் மாட்டுவார்களே, இங்கே நிஜமாகவே பலித்திருக்கிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு அவற்றுக்குப் பாதுகாப்பு, யாரும் தொந்தரவு செய்ய முடியாது. குட்டிகளின் நெற்றியில் 'எனக்குத் தீனி போடாதீர்கள்' என்று ஸ்டிக்கர்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒரு கழுதை நடுச்சாலையில் வந்து நின்றது. ஹார்ன் அடித்தால் காதைக்கூட அசைக்கவில்லை. பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெண்மணி தீனிப் பொட்டலங்களோடு இறங்கி வந்து, ஒவ்வொரு கார் கண்ணாடியாகத் தட்டி விற்க ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு வாங்கினோம்.