கொழும்பிலிருந்து பட்டை இறக்கினேன்: ஒரு சான்றிதழ் படுத்திய பாடு

ஒருவழியாகச் சரக்கு செங்கோட்டை குடோனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இலங்கையிலிருந்து நேரடியாக முழு இலவங்கப்பட்டை இறக்கலாமா, கட்டுப்படியாகுமா என்று தென்காசியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொட்டாரக்கரையிலும் இருக்கிற வியாபாரிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கட்டுப்படியாகும். ஆனால் கிலோவுக்கு அரை டாலர் குறைக்க மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோமே, அப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் மொத்தமாக விழுங்கிவிடக்கூடிய ஒரு காகிதம் இருக்கிறது, பிறப்பிடச் சான்றிதழ். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஏற்றுமதி-இறக்குமதி செய்கிறவர்களுக்கான ஐ.இ.சி. எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இறக்குமதி உரிமம், வங்கி வழியாக முன்பணம், இதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

விலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தையில் கிடைக்கிற வியட்நாம், சீனத் தடிப்பட்டை வேறு சரக்கு, இலங்கைச் சுருள் பட்டை வேறு சரக்கு. விலையில் பல சமயம் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கும். கொழும்பில் யாராவது “பட்டை கிலோ இவ்வளவு” என்று மட்டும் சொன்னால் அதை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ன ரகம் என்று கேளுங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காத ஆல்பாதான் உச்ச விலை. அப்புறம் சி5, சி4, அதற்குக் கீழே மெக்சிகன் ரகங்கள், கடைசியில் தடிமனான ஹாம்பர்க் ரகங்கள். உடைந்தது குவில்லிங்ஸ் என்று தனி விலைக்குப் போகும். இலங்கைப் பட்டையை அதிகமாக வாங்குகிற நாடு மெக்சிகோ. அவர்கள் பெரிய அளவில் வாங்க இறங்கினால் நம்மைப் போல 20 பேல் (கட்டு) கேட்கிறவனுக்கு விலை இறங்காது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் சினமனுக்குப் புவிசார் குறியீடு கொடுத்ததையும் பேரம் பேசும்போது சொல்லாமல் விட மாட்டார்கள். அது நியாயம்தான். மேல்தோலைச் சீவி, பித்தளைத் தடியால் தேய்த்து, உள்பட்டையைக் கிழியாமல் உரித்து, சுருளுக்குள் சின்னச் சுருள்களை அடைத்து நிழலில் உலர்த்துகிற வேலை, அதைச் செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. எனக்கு அந்த விலையில் வருத்தமில்லை.

சி5-இல் பெரும்பங்கு, கொஞ்சம் ஆல்பா, மசாலாவுக்காக ஹாம்பர்க் சில பேல், ஒவ்வொன்றும் 45 கிலோ என்று பேசி முடித்தேன். முழு கன்டெய்னருக்குச் சரக்கு இல்லை, அதனால் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து எல்.சி.எல். ஆக அனுப்பினார்கள். கப்பல் கொழும்பை விட்டால் தூத்துக்குடி பக்கம்தானே. வந்தும் விட்டது. சுங்கத்துறைக்குக் கொடுக்கிற இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரி போட்ட பிறகுதான் வினை ஆரம்பித்தது.

பட்டைக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை 30 சதவீதம். அந்தத் தீர்வைத் தொகையின் மேல் சமூக நலக் கூடுதல் தீர்வை 10 சதவீதம், ஆக 100 ரூபாய்ச் சரக்குக்கு 33 ரூபாய். அந்த 133-க்கு 5 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 39 ரூபாய் 65 காசு. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தப்படி, இலங்கை வணிகத் திணைக்களம் கொடுக்கிற பிறப்பிடச் சான்றிதழ் ஒழுங்காக இருந்தால் அந்த 33 ரூபாய் கிடையாது. 5 ரூபாய் ஐ.ஜி.எஸ்.டி. மட்டும்தான், அதையும் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 33 போனால் போனதுதான். நான் சொன்ன காகிதம் இந்தச் சான்றிதழ்தான்.

நான் கொடுத்த ஆர்டரில் சரக்குக் குறியீடு 090611 என்று தெளிவாக இருந்தது, அதாவது பொடிக்காத, இலங்கை வகைப் பட்டை. இன்வாய்சிலும் அதேதான். சான்றிதழில் மட்டும் 090619 என்று அடித்துவிட்டார்கள். 19 என்றால் ‘மற்றவை’, வியட்நாம், சீனத் தடிப்பட்டையான கேசியாவும் அதற்குள்தான் வரும். ஒரு இலக்கம்தானே என்று நமக்குத் தோன்றும். மதிப்பீட்டு அதிகாரிக்கு அப்படித் தோன்றாது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக இலங்கை மிளகு என்று வருகிறது என எத்தனை புகார் எழுந்தது, அதே போல வியட்நாம் கேசியா கொழும்பில் பேர் மாறி வருகிறதோ என்றுதான் அவர் பார்ப்பார். அவர் கேட்டதில் எனக்குக் குறை இல்லை. சலுகையை நிறுத்தி வைத்து, பிறப்பிடத்துக்கு ஆதாரம் கேட்டுக் கேள்வி போட்டிருந்தார்.

என் கோபம் சுங்க வேலைகளை நமக்காகப் பார்க்கிற கிளியரிங் முகவர் அலுவலகத்தின் மேல்தான். கேள்வி வந்ததை உடனே எனக்குச் சொல்லவில்லை. சலுகை கேட்கிற சரக்கின் பிறப்பிடத்தைச் சரிபார்க்க 2020-இல் வந்த கரோட்டர் விதிகளின்படி, கேட்ட நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் விவரம் கொடுத்தாக வேண்டும். அந்த நாட்கள் ஓடிக்கொண்டிருக்க, நான் போன் போட்டால் “சிஸ்டத்துல பெண்டிங்னு காட்டுது அண்ணாச்சி” என்பதோடு சரி. அப்புறம் ஒருநாள், “நீங்க ஒரு எட்டு நேர்ல வந்துட்டா ஆபீசர்ட்ட பேசி முடிச்சிரலாம்” என்றார் அங்கிருந்த எழுத்தர். விடிகாலை பஸ் பிடித்து, திருநெல்வேலியில் மாறி, பகல் முழுக்கத் தூத்துக்குடி சுங்க வளாகத்தில் நின்றேன். சாயங்காலம்தான் தெரிகிறது, என் பில் ஆஃப் என்ட்ரியை மதிப்பிடுகிற அதிகாரி தூத்துக்குடியிலேயே இல்லை. இப்போது எல்லாம் முகமறியா மதிப்பீடு. சரக்கு ஒரு துறைமுகத்தில் கிடக்கும், பைலைப் பார்க்கிறவர் வேறு ஊரில் இருப்பார். கேள்வியும் கணினியில்தான், பதிலும் கணினியில்தான். தினமும் இதே வேலை பார்க்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஒரு மனிதனை அவ்வளவு தூரம் வரவைத்தார்கள். பதிலை அனுப்பும் பொறுப்பைத் தள்ளிப்போட அது ஒரு வழி, அவ்வளவுதான்.

போதாததற்கு, “தீர்வையக் கட்டி எடுத்துருங்க, ரீஃபண்ட் பிறகு பாத்துக்கலாம்” என்று ஒரு யோசனை வேறு. தயவுசெய்து அதற்குத் தலையாட்டாதீர்கள். பிறப்பிடம் சரிபார்க்கிற வரைக்கும், வித்தியாசத் தொகைக்குப் பிணை கொடுத்துத் தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், கொஞ்சம் அலைச்சல்தான், ஆனாலும் பணம் நம்முடையதாகவே இருக்கும். நான் உத்தரவாதத்துக்கு வங்கியில் மனு கொடுத்துவிட்டு, அன்றைக்கே கொழும்புக்குப் பேசினேன்.

ஏற்றுமதியாளரின் அலுவலகத்தில் தமிழ் பேசுகிற நல்ல மனிதர் ஒருவர் இருந்தார். “பிழை எங்கட பக்கம்தான், ஒரு கிழமைக்குள்ள மாத்தி எடுத்துத் தாறம்” என்றார். சொன்னபடியே செய்தார். திருத்திய சான்றிதழோடு பட்டை எந்த ஊர்ப் பக்கம் வாங்கப்பட்டது, எப்படி உரித்து, அடைத்து, உலர்த்தி, பேல் போட்டார்கள் என்ற விவரத்தையும் ஒரு பக்கம் எழுதி, வாங்கிய ரசீது நகலோடு அனுப்பினார். அந்த ஒரு பக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. கரோட்டரில் படிவம் ஒன்று என்று இருக்கிறது, அதில் கேட்கிறதெல்லாம் இந்த விவரம்தான். கப்பல் கிளம்புவதற்கு முன்பே அதை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பில் ஆஃப் என்ட்ரி போட்ட நாளிலிருந்து 5 வருஷம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். இந்தத் தடவை பதிலை நான் முகவரை நம்பி விடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, பதிவேற்றி, ஒப்புகை எண் வருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

நடுவில் இன்னொரு சில்லறைத் தொல்லை. இன்வாய்ஸ் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பல் கூலியும் காப்பீடும் சேராத விலையில் இருந்தது. கப்பல் கூலிக்குத் தனி ரசீது இல்லாவிட்டால் சரக்கு மதிப்பில் 20 சதவீதத்தைக் கூலியாகவும், 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மதிப்பீட்டு விதியில் இருக்கிறது. கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குப் பட்டை வர 20 சதவீதமா ஆகும்? சரக்கு அனுப்பியவரிடம் கூலி ரசீதைக் கேட்டு வாங்கிப் போட்டதும் அது அடங்கியது. முடிந்தால் அவை இரண்டும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையிலேயே இன்வாய்ஸ் கேளுங்கள்.

உணவுப் பாதுகாப்பு மாதிரி எடுப்பு அன்றைக்கு நான் கிடங்கிலேயே இருந்தேன், நீங்களும் இருங்கள். பேலின் மேல் இறக்குமதியாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லை. கிடங்கிலேயே ஸ்டிக்கர் ஒட்ட அனுமதிப்பார்கள், நான் அச்சடித்துக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மூன்று ரகமும் பில் ஆஃப் என்ட்ரியில் தனித்தனிப் பதிவாக இருந்ததால் மூன்றுக்கும் தனி மாதிரி, தனிக் கட்டணம். ஆல்பா பேலின் தைப்பைப் பிரித்த சுமைதூக்கும் தம்பி, விறகுக் கட்டிலிருந்து உருவுகிற மாதிரி நடுவில் கைவிட்டு இழுத்தார். சடசடவென்று சத்தம். கையில் எடுத்துப் பார்த்தால் வெளிர் பழுப்பில், காகிதம்போல மெல்லிய ஏடு ஏடாகச் சுருண்ட குச்சிகள், பாதிப் பாதியாக முறிந்திருக்கின்றன. முறிந்த நிமிஷமே அது ஆல்பா விலை இல்லை, குவில்லிங்ஸ் விலை. “தம்பி, கொஞ்சம் பொறுங்க, முனையிலேர்ந்து ஒவ்வொண்ணா உருவிக் குடுங்க” என்று கெஞ்சி, மற்ற பேல்களுக்கு நானே பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி நல்லவர், மறுப்பு சொல்லவில்லை. குச்சி ஒன்றை ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இது நல்ல சரக்கு” என்றார். சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட பட்டைக்கு அந்தச் சொல் கிடைத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பரிசோதனை முடிவு சரியாக வந்தது. திருத்திய சான்றிதழை ஏற்றுக்கொண்டு சலுகையும் கொடுத்துவிட்டார்கள். வங்கி உத்தரவாதம் தேவையே படவில்லை. தாவரப் பாதுகாப்புத் துறையில் ஒரு கேள்வியும் இல்லை.

புனலூரில் வழக்கமாக வாங்குகிற சேட்டன், சரக்கு வந்த மறுநாளே புளியரை தாண்டி வண்டியோடு வந்துவிட்டார். சி5 முழுதும் பேசிய விலைக்கே எடுத்துக்கொண்டார். ஆல்பாவில் முறிந்ததைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன், அதற்கு விலை குறைத்துத்தான் ஆக வேண்டும். கையைக் கடிப்பது கிடங்கு வாடகை. இலவச நாட்கள் கழிந்த பிறகு நாளுக்கு நாள் ஏறுகிற கணக்கு அது, அதில் பெரும்பகுதி அந்தக் கேள்வி என் காதுக்கு வராமல் கிடந்த நாட்களுக்கு. எந்தத் தேதியில் கேள்வி வந்தது, எந்தத் தேதியில் எனக்குச் சொன்னார்கள் என்று எழுதி, அந்த நாட்களின் வாடகையை முகவர்தான் ஏற்க வேண்டும் என்று மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வருகிற வரைக்கும் அவருடைய மீதிக் கட்டணத்தைக் கொடுக்கப் போவதில்லை.