தேயிலை எடுத்த மண்ணில் பீட்ரூட்: சாம்பலும் டோலமைட்டும் போட்டுப் பார்த்த கதை

கோத்தகிரிப் பக்கம் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் காய்கறிக்கு மாறியவர்களைக் கேட்டால் முதல் போகத்தைப் பற்றி ஒரே புலம்பலாக இருக்கும். உருளை ஏதோ வருகிறது. பீட்ரூட் பிடிவாதமாக வரமாட்டேன் என்கிறது. எங்கள் துண்டு நிலத்திலும் அதே கதைதான். இலை செம்பழுப்பாக ஓடி, கிழங்கு கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் பக்கவேர்கள் குட்டையாக, தடித்து, நுனி பழுப்பேறிக் கிடந்தன. மெல்லிய வேரே இல்லை.

காரணம் ஊரறிந்ததுதான், மண்ணில் அமிலம் அதிகம். அமிலத்தை அளக்கும் பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கூடும். தேயிலைக்குப் பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் கொண்டாட்டம். மலைமழை மண்ணிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து இறக்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் வருடக்கணக்கில் மண்ணை அமிலமாக்கும் அம்மோனியம் சல்பேட், யூரியா. பீட்ரூட்டோ ஆறுக்குக் குறைந்தால் முகம் சுளிக்கும் பயிர். பிஎச் ஐந்துக்குக் கீழே போனால் மண்ணிலிருக்கும் அலுமினியம் கரைந்து வந்து வேர்நுனியைக் கருக்கும். போட்ட மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு செடிக்குக் கிடைக்காது. எங்கள் வேலியோரம் ஹைட்ரேஞ்சியா அத்தனை நீலமாகப் பூப்பதும் இதே அலுமினியத்தால்தான். சுற்றுலா வருகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். நமக்கு அது மண் பரிசோதனை முடிவு.

அளப்பதற்குக் குச்சியை மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவு மீட்டரை நம்ப வேண்டாம். ஈர மண்ணுக்கு ஒன்று, காய்ந்த மண்ணுக்கு ஒன்று என்று காட்டும். பேனா மாதிரி இருக்கும் பிஎச் மீட்டரும், அதைச் சரிபார்க்க 4, 7 பஃபர் பொடியும் வாங்கிக்கொண்டேன். நிழலில் உலர்த்திச் சலித்த மண் 20 கிராம், தண்ணீர் 50 மில்லி, அவ்வப்போது கலக்கிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், மெக்கானிக் கடையில் கிடைக்கிறது. எங்கள் மண் 4.7 காட்டியது. இது பத்தின் மடங்கில் ஓடும் கணக்கு. ஆறு வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தால் அமிலம் பத்து மடங்கு என்று பொருள்.

எது அமிலத்தை முறிக்கிறது என்று பார்க்க அரை சென்ட் அளவில் பாத்திகள் பிரித்தேன். ஒன்றில் டோலமைட், ஒன்றில் சாம்பல், ஒன்றில் முட்டை ஓடு, ஒன்றில் மக்கிய தொழுவுரம் மட்டும். ஒன்றை ஒன்றும் போடாமல் விட்டேன். ஜிப்சம் போடச் சொல்லிச் சமவெளியிலிருந்து அன்போடு யோசனை வந்தது. அங்கே களர் மண்ணுக்கு அது நல்ல மருந்து. ஆனால் ஜிப்சத்தில் இருப்பது கால்சியம் சல்பேட். கால்சியம் கிடைக்கும், அமிலம் குறையாது. அதனால் அதைச் சேர்க்கவில்லை.

டோலமைட் என்பது கால்சியம், மெக்னீசியம் இரண்டும் கலந்த கார்பனேட் பாறைத்தூள், ஒருவகைச் சுண்ணாம்பு. ஏக்கருக்கு 1,600 கிலோ கணக்கில் அரை சென்ட்டுக்கு எட்டு கிலோ. கேட்கப் பெரிய அளவாகத் தெரியும். ஆனால் களிமண்ணும் மக்கிய இலைதழையும் நிறைந்த மலைமண்ணில் பிஎச் சுலபத்தில் அசையாது. மணல் மண்ணுக்கு இதில் பாதிகூடத் தேவைப்படாது. வாங்கும்போது விரலிடையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். முகப்பவுடர் போல ஒட்ட வேண்டும், மணல்போல நறநறவென்றால் வேண்டாம். கரடுமுரடான தூள் மண்ணில் அப்படியே கல்லாகக் கிடக்கும். பாதியைத் தூவி முள்கடப்பாறையால் ஒரு சாண் ஆழம் புரட்டி, மீதியைத் தூவி மறுபடி கொத்திவிட்டேன். கோடை மழைக்கு முன்பே போட்டதால் ஈரம் கிடைத்தது. ஈரமில்லாமல் சுண்ணாம்பு எதுவும் வேலை செய்யாது.

சாம்பல் கிடைத்தது தைலம் காய்ச்சும் இடத்தில். அடுப்புக்குக் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) விறகும் காய்ச்சி எடுத்த சக்கையும் எரிப்பதால் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை எரித்த சாம்பல் தோட்டத்துக்கு ஆகாது. சாம்பலின் அமிலமுறிக்கும் வலு சுண்ணாம்பில் ஏறக்குறைய பாதி, சில நேரம் அதற்கும் குறைவு. அதனால் டோலமைட்டைவிடக் கூடுதலாக 12 கிலோ. கூடவே சாம்பல் சத்து (பொட்டாசியம்) இலவசம். முகத்துக்குத் துணி, கைக்கு உறை அவசியம். வியர்வைக் கையில் பட்டால் அரிக்கும். பச்சைச் சாணத்தோடும் யூரியாவோடும் கலக்கக்கூடாது. கலந்தால் மூக்கைத் துளைக்கும் வாடையாகத் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போய்விடும். இந்தப் பாத்தியை மட்டும் வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் சாம்பலை ஆழமாகப் புரட்டினேன், மறு பாதியில் மேலாகக் கிளறிவிட்டதோடு சரி.

முட்டை ஓடு பேக்கரியில் கேட்டால் தருகிறார்கள். ஒரு ஓடு ஐந்தாறு கிராம்தான். எட்டு கிலோவுக்கு ஏறத்தாழ 1,500 முட்டை வேண்டும்! சேர்ந்தவரை கழுவிக் காயவைத்து மிக்சியில் அடித்துப் போட்டேன். அரைத்த ஜாரைப் பற்றி வீட்டில் பேச்சு இன்னும் ஓயவில்லை.

கோடை மழையோடு தொடங்கும் கார்போகம் முழுக்கப் பீட்ரூட்டும் பீன்ஸும் எல்லாப் பாத்தியிலும் போட்டேன். முதலில் எழுந்தது சாம்பல் பாத்தி. சீக்கிரமே 5.7 தொட்டது. மழை வலுத்த பிறகு 5.3க்கு இறங்கிவிட்டது. டோலமைட் அதற்கு நேரெதிர். ஆரம்பத்தில் 5.0, இது தண்டச் செலவோ என்று நினைக்கவைத்தது. அடுத்து வரும் கடைபோகத்துக்கு மண் எடுத்தபோது 5.6, மழையிலும் அசையவில்லை. முட்டை ஓட்டுப் பாத்தி 4.9க்கு மேல் போகவில்லை. கொத்தும்போது ஓட்டுத்துண்டுகள் பளிச்சென்று வெள்ளையாக மேலே வந்தன. மாவாகச் சலித்தெடுத்த பங்கு மட்டும்தான் கரைந்திருக்கிறது.

நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த இரண்டாகப் பிரித்த சாம்பல் பாத்தியில். மேலாகக் கிளறிய பக்கத்தில் இலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிடுங்கிய பீட்ரூட் பலவற்றில் கிழங்குக்குக் கீழே வால்வேர் நாலு விரல் நேராக இறங்கி, அங்கே சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மண்வெட்டியால் பாத்தியின் ஓரத்தை நேராக வெட்டி, மேல் மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாக அளந்தேன். மேலே 5.9, ஒரு சாண் ஆழத்தில் 4.8. வேர் எங்கே திரும்பியதோ அங்கேதான் சாம்பலும் முடிந்திருந்தது. சுண்ணாம்புப் பொருள்கள் தானாகக் கீழே இறங்குவது ஆமை வேகம். நாம் புரட்டிய ஆழம்தான் அதன் ஆழம். ஆழமாகக் கொத்திய பக்கத்தில் வால் நேராக இறங்கியிருந்தது, கிழங்கும் கை நிறைய இருந்தது. எதைப் போடலாம் என்று ஆளுக்கு ஆள் வாதம் செய்கிறோம். என் கணக்கில் பொடியின் மென்மையும் கொத்தின் ஆழமும்தான் பாதிக்கு மேல் வேலை செய்கின்றன.

தொழுவுரப் பாத்தியில் பிஎச் ஏறியதாகச் சொல்லவே முடியாது, 4.8தான். ஆனாலும் பயிர் வெறும் பாத்தியைவிடத் தெளிவாக நன்றாக இருந்தது. மக்கிய உரம் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வேருக்கு அடி குறைகிறது. பீன்ஸ் வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். வெறும் பாத்தியில் முடிச்சுகள் அரிது. இருந்த ஒன்றிரண்டை நகத்தால் கிள்ளினால் உள்ளே வெளிறிக் கிடந்தது. டோலமைட் பாத்தியில் முடிச்சுகள் கொத்துக்கொத்தாக, கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு இருந்தால்தான் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிபடுகிறது என்று பொருள்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, நிலம் முழுக்க அடிச்சு விட்டுடு” என்றார். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உருளைக்குச் சுண்ணாம்பு ஏறினால் தோலில் சொறி வரும். அமில மண்ணில் அந்த நோய் அடங்கிக் கிடக்கிறது. முட்டைக்கோஸுக்கோ நேர்மாறு, அமில மண்ணில்தான் வேர் வீங்கித் தடித்துப்போகும் ‘கிளப் ரூட்’ நோய் ஆட்டம் போடும். ஆறரைக்கு மேல் ஏற்றிவிட்டாலும் போரான், துத்தநாகம் எல்லாம் செடிக்குக் கிடைப்பது குறையும். ஆகவே இப்போதைக்கு என் ஏற்பாடு இதுதான்: கோஸும் பீட்ரூட்டும் வரும் பக்கத்துக்கு டோலமைட்டை ஆழக் கொத்தி, சில வாரம் விட்டு மக்கிய தொழுவுரம். பிறகு மண்ணை அளந்து பார்த்துத்தான் அடுத்த தவணை. சாம்பல் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பீன்ஸுக்கு. உருளை போடும் கீழ்த்தட்டில் எதையும் போடப்போவதில்லை. பேக்கரியிலிருந்து வரும் முட்டை ஓடு இனிமேல் நேராக மக்குக்குழிக்கு.