கிட்டப் போனால் 200 மிமீ 200 இல்லை

70-200 ஜூம் லென்ஸில் எழுதியிருக்கும் 200 என்ற குவியத் தூரம் (மிமீயில்; அது கூடக் கூடப் பொருள் பெரிதாகத் தெரியும்), தொலைவில் ஃபோகஸ் வைக்கும்போதுதான் 200. கிட்ட வர வர, பெரும்பாலான லென்ஸ்களில் அது குறையும். கவனிக்க வேண்டியது உருப்பெருக்கம், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் அளவில் எத்தனை பங்கு என்பது.

2009இல் வந்த நிக்கான் 70-200 எஃப்/2.8 விஆர் 2 லென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 1.4 மீட்டர், அதிகபட்ச உருப்பெருக்கம் 0.12. தூரத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கி, உருப்பெருக்கத்தோடு 1 கூட்டி வரும் எண்ணின் வர்க்கத்தால் வகுங்கள்: 1400 × 0.12 ÷ 1.2544. கிட்டத்தட்ட 134 மிமீ, இதுதான் அந்தத் தூரத்தில் உண்மையான குவியத் தூரம். தோராயம்தான், ஆனாலும் லென்ஸ்களை ஒப்பிட இது போதும். நிஜமாகவே 200 ஆக இருந்தால் ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் 36 மிமீ அகலத்தை 17 செமீ பொருளே நிரப்பிவிடும். இதற்கு 30 செமீ தேவை. 2 செமீ மோதிரம் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் வரும்.

காரணம் இன்டர்னல் ஃபோகஸ். லென்ஸ் முழுவதும் முன்னால் நீளாமல், உள்ளே சில கண்ணாடிகள் மட்டும் நகர்கின்றன. அதனால் ஆட்டோ ஃபோகஸ் வேகமாக நடக்கும், லென்ஸின் நீளமும் மாறாது. அதற்குக் கொடுக்கும் விலைதான் இந்தச் சுருக்கம். எல்லா லென்ஸும் ஒரே அளவு சுருங்காது: 2016இல் வந்த அடுத்த நிக்கான் 70-200இல் மிகக் குறைந்த தூரம் 1.1 மீட்டர், உருப்பெருக்கம் 0.21.

உங்கள் லென்ஸைச் சோதிக்க, ஒரு ஸ்கேலைச் சென்சாருக்கு இணையாகச் சுவரில் ஒட்டுங்கள். 200இல் வைத்து, மிகக் கிட்ட ஃபோகஸ் ஆகும் இடத்தில் ஒரு படம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில், படத்தின் அகலத்தில் தெரியும் மில்லிமீட்டரால் 36ஐ வகுத்தால் உருப்பெருக்கம். ஃபோகஸே ஆகவில்லையென்றால், ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் ஸ்விட்சைப் பாருங்கள். ‘ஃபுல்’லில் இருக்க வேண்டும். ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து அளப்பது, லென்ஸின் முகப்பிலிருந்து அல்ல.

இன்னும் பெரிதாக வேண்டுமா? கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே, பிம்பத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் போட்டால் 0.12 என்பது 0.17 ஆகும், ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும். அதே இடத்தில் கண்ணாடியில்லாத வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டால் ஜூமைத் திருப்பும்போதெல்லாம் ஃபோகஸ் கலையும். இந்த வகை லென்ஸுக்குப் பொருத்தமானது, முன்னால் திருகும் இரட்டைக் கண்ணாடி க்ளோஸ்-அப் லென்ஸ்தான். +2 டயாப்டர் (அதன் திறன் அளவு) உள்ளதைப் போட்டு ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்தால் பொருள் அதற்கு அரை மீட்டர் முன்னால் தெளியும். இன்ஃபினிட்டியில் 200 முழுதாக 200 என்பதால் உருப்பெருக்கம் 200 ÷ 500, அதாவது 0.4. வெளிச்சமும் குறையாது. ஓரங்கள் மங்கினால் லென்ஸின் துளையை எஃப்/8 வரை மூடுங்கள். விலை மலிவான ஒற்றைக் கண்ணாடி வேண்டாம். 200 மிமீயில் விளிம்புகளில் ஊதா நிறம் படரும்.