இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு வளைந்த ஹேங்கரும்

ஏற்காட்டுக்குச் சைக்கிளில் சென்று வந்ததை வழி, சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். தொடை வலி தீர்வதற்குள் எழுத உட்கார்ந்தால் வரிசை நிற்க மறுக்கிறது. சென்னையிலிருந்து ஏறிய ஆம்னி பேருந்தின் கிளீனர் மேல் உள்ள கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

என் சைக்கிள் பழைய சரக்கு அன்று. மூன்றாண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் ஒற்றை ஆளாகப் பட்டறை நடத்தும் ஒருவர், இத்தாலியின் கொலம்பஸ் நிறுவனக் குழாய்களை என் உடல் அளவுக்கு அறுத்து, கைப்பட இணைத்துக் கொடுத்த இரும்புச் சட்டகம் அது. அதில் இரண்டு ஆண்டு போனஸ் கரைந்தது. வீட்டில் சொல்லியிருக்கும் விலை வேறு. அப்பேர்ப்பட்டதை அடிப்பெட்டியில் ஏற்ற அந்தக் கிளீனர் ஐந்நூறு ரூபாய் கேட்டு, நானூறுக்கு இறங்கி, காசை வாங்கிய பிறகு அதன்மேல் இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றியிருக்கிறார். விடியற்காலையில் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிப் பார்த்தால், பின்சக்கரத்தின் கியர் தொங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்து, சங்கிலி போக்ஸ் கம்பியை உரசிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, “சைக்கிள்னா அப்படித்தான் சார்” என்று சொல்லிவிட்டுக் கதவை அடைத்தார்.

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சந்தில், ஏழு மணிக்கே கடையைத் திறந்து வைத்திருந்த பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். வாடகைச் சைக்கிள் காலத்திலிருந்து கடை வைத்திருப்பவர். ஹேங்கரை அவர் உடனே தொடவில்லை. குழாயின் நடுவில் நகத்தால் சுண்டி ஓசை கேட்டார், பிறகு முனையில் சுண்டினார். “நடுவுல தகடு மெலிசா இருக்குதுங்க தம்பி, ஓரத்துல கனமா வச்சிருக்கான்” என்றார். பட்டிங் என்று ஊரெல்லாம் பெரிதாக விளக்கும் நுட்பத்தை இரண்டு சுண்டலில் முடித்துவிட்டார். இணைப்பு விழும் முனைகளில் சூடும் பளுவும் அதிகம் என்பதால் அங்கே கனம் கூட்டி, நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு, அதாவது நம் வீட்டு எவர்சில்வர் தட்டின் கனத்துக்கு, குறைத்துவிடுவார்கள். எந்த எஃகை எடுத்தாலும் அதன் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். உலோகக் கலவை மேம்படும்போது கூடுவது வலிமை மட்டுமே. வலிமை கூடினால் சுவரை இன்னும் மெலிதாக்கலாம், எடை குறையும். பிரிட்டனின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531 குழாயிலிருந்து, பற்றவைத்த இடம் காற்றில் ஆறும்போதே உறுதி ஏறும் ரெனால்ட்ஸ் 853 வரை நடந்திருப்பது இந்த மெலிவுதான்.

பிறகு, பழைய கியர் சைக்கிள் ஒன்றின் பின் அச்சை எடுத்து ஹேங்கரின் துளையில் திருகினார். இரண்டுக்கும் ஒரே 10 மி.மீ. மரை என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அந்த அச்சில் ஒரு சக்கரத்தை மாட்டி, என் பின்சக்கரத்தோடு அது இணையாக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மூன்று முறை மெதுவாக நெம்பினார். முன் குழாயிலிருந்து, பின்சக்கரம் மாட்டும் பின் முனைகள் வரை நூல் பிடித்து, இரு பக்கமும் இருக்கைக் குழாய்க்கு உள்ள இடைவெளியை அளந்து, சட்டகத்தில் கோட்டம் இல்லை என்று உறுதி செய்தார். சூடு இல்லை, புதிய பாகம் இல்லை, கூலி ஐம்பது ரூபாய். நூறாகக் கொடுத்தேன், மீதிச் சில்லறைக்குப் பதிலாக ஒரு பழைய அச்சைக் கொடுத்து, அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றி ஏற்றும்போது பின் முனைகளுக்கு நடுவே இதை மாட்டிவிடச் சொன்னார்.

அடிவாரத்தில் காத்திருந்த சேலத்து நண்பர், இத்தாலியில் வேலை பார்த்தபோது பழையதாக வாங்கி வந்த பெகோரெட்டி மார்செலோ என்ற இரும்புச் சைக்கிளில் வந்திருந்தார். அதைச் செய்த தாரியோ பெகோரெட்டி 2018இல் மறைந்துவிட்டதால், தன்னுடையது இப்போதே எதிர்காலச் செவ்வியல் சைக்கிள் ஆகிவிட்டது என்பது அவருடைய வாதம். முதல் வளைவிலேயே நான் மறுக்கத் தொடங்கினேன். செய்தவர் இறந்தால் விலை ஏறும், அது வேறு கணக்கு. பெகோரெட்டி நிற்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்குக் காரணம், பிற நிறுவனங்களின் பெயர் ஒட்டிய பந்தயச் சட்டகங்களைத் தன் பெயர் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் செய்து பழகிய கை, விட்டம் பெருத்த குழாய்களைக் கொண்டு தனக்கென்று ஒரு வடிவத்தைக் கண்டதும், ஒவ்வொரு சட்டகத்துக்கும் தனி ஓவியம் போல வண்ணம் தீட்டியதும்தான்.

சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கின்றன. இடையில் ஏறத்தாழ 20 கி.மீ. மலைப்பாதை. ஏழாம் வளைவுக்கு மேல் வாதம் தானாக நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துத் தொலைத்தன, ஒரு குரங்கு என் சட்டைப்பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துப் போனது. இரும்பு மேட்டில் துள்ளும், உடம்பை வருடும் என்றெல்லாம் எழுதுகிறார்களே, அதில் பாதி மிகை. 28 மி.மீ. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அந்த வருடல் எந்தச் சைக்கிளிலும் கிடைக்கும். கார்பன் சட்டகம் ஒரு கிலோவுக்குள் அடங்குகிறது, என்னுடையது அதைப்போல் இரு மடங்கு. பன்னிரண்டாம் வளைவில் அந்த ஒரு கிலோவை நன்றாகவே உணர்ந்தேன்.

ஏரிக்கரையில் நான்கு மிளகாய் பஜ்ஜிக்கு வெளியூர்க்காரன் விலையாக நூறு ரூபாய் வாங்கினார்கள். எண்ணெய் வழிந்தது, ஆனாலும் இன்னொரு தட்டு கேட்டிருப்பேன், பைதான் இடம் கொடுக்கவில்லை. ஒண்டிக்கடை அருகே குடித்த காப்பி மட்டும் கேட்ட விலைக்குத் தகும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. வார இறுதியில் அறை வாடகை இரு மடங்கு என்றதும் இரவுத் தங்கலைக் கைவிட்டோம்.

காப்பி முடியும் வரை மறுபடியும் அதே பேச்சு. எதிர்காலச் செவ்வியல் என்று நான் வைத்திருக்கும் பட்டியலில் முதலில் வருபவர் ரிச்சர்ட் சாக்ஸ். லண்டனில் தொழில் கற்று, 1975இலிருந்து அமெரிக்காவில் தன் பெயரிலேயே, லக் எனும் இணைப்புக் குழல் வைத்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்தவர். அடுத்தவர் ஜப்பானின் நாகசாவா. 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்களை வென்ற கோயிச்சி நாகானோ ஓட்டியவை அவருடைய சட்டகங்கள். அந்நாட்டு ஆண்களின் வழமையான கெய்ரின் என்ற வட்டத்தடச் சைக்கிள் பந்தயங்களில் இன்றும் இரும்புதான் விதி. அதனால் அந்தக் கைவேலை காட்சிப்பொருளாக அல்ல, பிழைப்பாகவே நீடிக்கிறது. என் பட்டியலில் இடம் பெறாதவை, கம்பிகளையெல்லாம் ஹேண்டில் பாருக்குள் ஒளித்து, தனி அளவு சீட் கம்பி, தனி அளவு பேரிங் என்று வைத்து, இரும்பிலேயே கார்பனுக்கு வேடம் போடும் புதிய சைக்கிள்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும், இருபது ஆண்டுக்குப் பின் அவற்றுக்குப் பாகம் கிடைக்காது.

பெடல் அச்சு உட்காரும் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 68 மி.மீ. அகலம், 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை: இதற்குப் பி.எஸ்.ஏ. அளவு என்றே பெயர். நம் ஊரில் எஸ்.எல்.ஆர். சைக்கிளால் வீட்டுக்கு வீடு தெரிந்த அதே பி.எஸ்.ஏ.தான்! ரெனால்ட்ஸ் 1928இல் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம்தான் 1949இல் முருகப்பா குழுமத்தோடு கூட்டு வைத்து அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கே தயாரான நம் தாத்தாக்களின் ஹெர்குலிஸும் பிரான்ஸ் பந்தயங்களில் வென்ற 531 குழாயும் ஒருவகையில் பங்காளிகள். என் சட்டகத்திலும் அந்த மரைதான் என்று காட்டியபோது, நண்பர் தன் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டார்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிரேக் பிடித்துப் பிடித்துக் கை மரத்தது. மாலையில் சேலத்தில் தின்ற தட்டுவடை செட் பஜ்ஜியை மறக்கடித்தது. இரவுப் பேருந்தில் வேறொரு கிளீனர், ஆனால் அதே ஐந்நூறு. முந்நூற்றைம்பதுக்குப் பேசி முடித்து, சக்கரங்களைக் கழற்றி, பின் முனைகளுக்கு நடுவே பெரியவர் கொடுத்த அச்சை மாட்டி, ஹேங்கர் மேல்பக்கம் இருக்கும்படி நானே அடிப்பெட்டிக்குள் படுத்துக் கட்டினேன். கடைசி மூட்டை ஏறிக் கதவு அடையும் வரை அங்கேயே நின்றேன்.