வழக்கின் பெயரில் ஜனாதிபதி ஏன் இல்லை?

இன்று சட்டம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. இலங்கைப் பாராளுமன்றத்தைக் கலைத்தது பற்றிய 2018 உயர் நீதிமன்றத் தீர்ப்பின் முதல் பக்கத்தில் 'இராஜவரோதயம் சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்' என்றுதான் இருக்கிறது. சம்பந்தன் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர்; சட்டமா அதிபர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. கலைத்தவரோ அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன.

பதில் அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பதவியில் இருக்கும் ஜனாதிபதி மீது வழக்குப் போட முடியாது. ஆனால் 2015இல் வந்த 19ஆவது திருத்தம் ஒரு கதவைத் திறந்தது: அவர் பதவிமுறையில் செய்த காரியத்துக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி, அடிப்படை உரிமை மனுப் போடலாம். அதுவும் ஒரு மாதத்துக்குள். பிந்தினால் நல்ல வழக்கும் பெரும்பாலும் வாசலிலேயே விழுந்துவிடும்.

2018 நவம்பர் 9 இரவு, பாராளுமன்றத்தைக் கலைக்கும் வர்த்தமானி வந்தது. 13ஆம் தேதியே இடைக்காலத் தடை. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில், கலைத்தது செல்லாது என்றார்கள்.

அரச தரப்பு 33(2)(இ) உறுப்புரையைப் பிடித்துக்கொண்டது: கலைக்கும் அதிகாரம் அங்கே நிபந்தனையின்றி இருக்கிறதாம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த அதிகாரத்தை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்பதை 70(1)ஆம் உறுப்புரை சொல்கிறது. அன்று அதன்படி, பாராளுமன்றத்தின் முதல் அமர்விலிருந்து நாலரை வருடம் முடிந்திருக்க வேண்டும், அல்லது மூன்றில் இரண்டு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் அமர்வு 2015 செப்டம்பர் 1. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்த நாலரை, இரண்டரை வருடமாகிவிட்டது. எனக்கு அது பெரிய கவலை.